எலியின் மீசையைத் தொட்டால் மூளையில் என்ன நடக்கும்?

குருவிட்டயில் எலி என்றதும் எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். இரத்தினபுரி மாவட்டத்தில் வயலில் இறங்குபவர்களும் மாணிக்கக் குழியில் நிற்பவர்களும் அதற்காகவே குளிசை விழுங்குகிறார்கள். ஆனால் ஆய்வுகூட எலிக்கு நாம் ஒரு கடனும் பட்டிருக்கிறோம். உயிருள்ள மூளையின் மிக மெல்லிய குழாய்களில் குருதி ஓடும் விதம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலியும் சுண்டெலியும் காட்டித்தந்தது.

சுண்டெலியின் மூளையில் கடுகளவு எடுத்தால், அதற்குள் ஓடும் குருதிக் குழாய்களின் நீளம் ஒரு மீற்றரைத் தாண்டும். அவற்றில் மிகச் சிறியவை குருதி மயிர்க்குழாய்கள். ஒரு மில்லிமீற்றரை இருநூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் அவற்றின் அகலம். செங்குழியம் அதைவிடச் சற்றுப் பெரியது. தோட்டத்து ஒற்றைப் பாதையில் லொறிகள் போல, உடலை வளைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். வைத்தியசாலையின் ஸ்கான் இயந்திரத்துக்குப் பெரிய குழாய்கள் தெரியும், இவை தெரியாது.

பிறகு எப்படி அளக்கிறார்கள்? மயக்கமூட்டிய எலியின் மண்டையோட்டில் ஒரு சிறு சாளரம் திறப்பார்கள். ஒளிரும் சாயம் ஒன்றைக் குருதியில் செலுத்துவார்கள். சாயம் குருதித் திரவத்தில் கலக்கும், செங்குழியத்துக்குள் நுழையாது. ஆகவே லேசர் ஒளியில் குழாய் பளிச்சென்றும், குழியங்கள் அதற்குள் நகரும் கரும்புள்ளிகளாகவும் தெரியும்.

வேகத்தைக் கணிக்கும் முறைதான் அழகு. அவிசாவளை–இரத்தினபுரி வீதியைப் பார்த்தபடி மேட்டில் ஒருவர் கொப்பியுடன் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கொரு வரி, வீதியில் பஸ் எந்த இடத்தில் இருக்கிறதோ, வரியில் அந்த இடத்தில் ஒரு புள்ளி. அடுத்த நொடி, அடுத்த வரி. ஓடும் பஸ்ஸின் புள்ளிகள் சரிவாக இறங்கும். வேகம் கூடினால் கோடு இன்னும் படுக்கையாகச் சாயும். பஸ் நின்றுவிட்டால் புள்ளிகள் செங்குத்தாகக் கீழே இறங்கும். லேசர் செய்வதும் இதையேதான்: ஒரே குழாயின் நீளத்தை மறுபடி மறுபடி வருடி, வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. கோட்டின் சாய்வு வேகத்தைச் சொல்லும், கோடுகளின் எண்ணிக்கை எத்தனை குழியங்கள் கடந்தன என்பதைச் சொல்லும்.

1998இல் டேவிட் கிளைன்ஃபெல்ட், வின்ஃபிரட் டெங்க் உட்பட நால்வர் எலி மூளையின் மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் ஆழம்வரை இப்படி அளந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் கொல்கத்தாவில் படித்த இயற்பியலாளர் பார்த்தா மித்ரா. எலியின் மீசையை அசைத்தால், மூளையில் மீசைக்குரிய பகுதியில் ஓட்டம் மாறியது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சும்மா இருக்கும்போதே ஓட்டம் ஏறி இறங்கியதும், சில குழாய்களில் நெடுநேரம் நின்றதும், எப்போதாவது திசை திரும்பியதும்தான். சீரான நீரோட்டம் என்று பாடப்புத்தகம் நம் மனதில் பதித்த படம் அங்கே உடைந்தது.

நின்றுபோகும் குழாய்கள் அற்ப விடயமல்ல. அல்சைமர் நோய்க்கு மாதிரியாக வளர்த்த சுண்டெலிகளில் ஏறத்தாழ 2 சதவீத மயிர்க்குழாய்கள் அடைபட்டுக் கிடந்ததை 2019இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் காட்டினர். அடைத்தவை வெண்குழியங்கள். அவற்றை விலக்கியதும் ஓட்டம் கூடியது, எலிகளின் நினைவாற்றலும் தேறியது. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று அவசரப்பட வேண்டாம். அல்சைமர் ஆய்வில் அப்படி ஏமாந்த கதைகள் ஏராளம்.

நமக்கு நெருக்கமானது பாரிசவாதம். பெரிய குழாயின் அடைப்பை நீக்கிய பிறகும் நுண்குழாய்களில் குருதி திரும்பாமல் போகலாம் என்பது 1968இலேயே முயல்களில் தெரிந்தது. காரணங்களில் ஒன்றை 2014இல் டேவிட் அட்வெல்லின் லண்டன் குழு கொறிணிகளில் கண்டது. மயிர்க்குழாயைக் கட்டிப்பிடித்திருக்கும் சிறு கலங்கள் ஒட்சிசன் கிடைக்காதபோது இறுகுகின்றன. பிடியை விடாமலே இறந்தும் போகின்றன.

அதனால்தான் நிமிடங்களுக்கு இத்தனை மதிப்பு. வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்த்து விடியும்வரை காத்திராதீர்கள். 1990 சுவசெரியவை அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. லயத்துக்கு வரும் வழியைத் தெளிவாகச் சொல்லி, பாதை முனையில் ஒருவரை நிறுத்திவையுங்கள்.