மூலையில் வைத்த பை

கொழும்பிலே காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் எமது இல்லம் இருக்கின்றது. ஒழுங்கை திரும்புமிடத்திலே ஒரு மதில்மூலை உண்டு. அது எவருக்கும் சொந்தமன்று; ஆதலால் எல்லோருக்கும் பயன்படுகின்றது. பொழுது சாய்ந்ததும் அங்கே ஒரு பை தோன்றும். விடிவதற்குள் ஒன்று ஏழெட்டாகப் பெருகிவிடும். வைத்தவர் யாரென்று வினவினால், எம் ஒழுங்கையார் அனைவரும் அடுத்த ஒழுங்கையைச் சுட்டிக் காட்டுவர். அடுத்த ஒழுங்கையார் எம்மைக் காட்டுகிறார்களாம்.

இதனைத் தடுக்க முயன்றோர் இல்லாமலில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இங்கே குப்பை போடாதீர்" என மும்மொழியிலும் எழுதிய பலகையொன்றைத் தமது செலவிலே நாட்டினார். பலகை சாய்ந்துவிடாதபடி முண்டுகொடுப்பனபோல் பைகள் அதன் அடியிலேயே குவிந்தன. பின்னர் வேறொருவர் பிள்ளையார், புத்தபெருமான், யேசுநாதர் ஆகியோரின் படங்களை மதிலிலே வரிசையாக ஒட்டிவைத்தார். கொழும்பு மதில்கள் பலவற்றில் இவ்வுபாயத்தைக் காணலாம். பக்தி முற்றிலும் வீண்போகவில்லை. பைகள் மூன்று கெஜம் தள்ளிப் போயின.

பை வைப்பவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைத்தலாகாது. லொறி வருவது முற்பகலில். கணவனும் மனைவியும் தொழிலுக்குப் போய்விட்ட வீட்டிலே அந்நேரம் படலையைத் திறந்து பையைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாடிவீடுகளில் ஐந்தாம் தளத்திலே குடியிருப்போர் மீன்செதிலையும் இறால் கோதையும் மூன்று நாட்கள் குசினியில் வைத்திருப்பது எங்ஙனம்? எமது நாட்டுக் குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது இத்தகைய ஈரக் குப்பையே. முன்னாளிலே வளவின் கோடியில் ஒரு வாழையடி இருந்தது. சோற்றுக் கஞ்சியும் மரக்கறித் தோலும் அங்கே போயின. இன்று வளவும் இல்லை, வாழையும் இல்லை.

ஆயினும் இரவில் வைத்த பை விடியும்வரை பையாக இருப்பதில்லை. காகமும் பூனையும் அதனைப் பிரித்துப் பார்த்து, தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிகுதியை வீதிக்கு வழங்குகின்றன. மழை பெய்தால் அம்மிகுதி கானுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். யோகட் கிண்ணமும் சிரட்டையும் நீரேந்தி நிற்கும். டெங்கு நுளம்பு நாடுவது அத்தகைய சிறு நீரையே. அந்நுளம்பின் முட்டை, நீர் வற்றிய பின்னரும் கிண்ணத்தின் சுவரிலே ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழை நிறைத்ததும் பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களுள் நுளம்பாகப் பறந்துவிடும். 2017 ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். அவ்வாண்டு மருத்துவமனை வாங்குகளில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த தாய்மாருக்கு அவ்வெண்ணிக்கையைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதுகின்ற நானும் அம்மூலையில் பை வைத்தவனே.

அதே 2017 ஆம் ஆண்டு, ஏப்பிரல் 13 ஆந் திகதி இரவு. புதுவருடப் பிறப்புக்காக வீட்டைக் கழுவித் துடைத்து, கிழிந்த பாய், உடைந்த வாளி, பிள்ளைகளின் பழைய கொப்பிகள் என நான்கு பைகள் சேர்ந்துவிட்டன. வருடம் பிறக்கும் வேளையில் வீட்டுக்குள் குப்பை இருக்கலாமோ? மனைவி தடுத்தும் கேளாமல், இருளிலே இரண்டு நடையாகக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மருத்துநீர் வைத்து முழுகி, புத்தாடை அணிந்து, கைவிசேடம் பெற்று, மத்தியான விருந்தும் உண்டு சற்றே கண்ணயர்ந்திருந்தோம். அவ்வாண்டு பெரிய வெள்ளியும் அதே தினத்தில் வந்திருந்தமையால் நகரமே அடங்கிக் கிடந்தது. பிற்பகலிலேதான் அச்செய்தி வந்தது: மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்துவிட்டது.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள புளூமெண்டால் குப்பைமேடு 2009 ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், கொழும்பு மாநகரின் குப்பை பெரும்பாலும் சென்றடைந்த இடம் மீதொட்டமுல்லை. அது மாநகர எல்லைக்கு அப்பால், கொலன்னாவைப் பகுதியிலுள்ள சதுப்பு நிலம். இளகிய அந்நிலத்தின்மேல் ஆண்டுக்கணக்கில் ஈரக்குப்பை ஏறிக்கொண்டேயிருந்தது. மழைநீரும் உள்ளே ஊறியது. துர்நாற்றத்தையும் நோயையும் சகிக்க இயலாமல் அயலிலுள்ள மக்கள் பலமுறை வீதிக்கிறங்கி முறையிட்டனர். புதுவருட தினத்திலே அவர்களும் எம்மைப்போல விருந்துண்டு வீட்டில் இருந்தார்கள். 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மீட்புப் பணியாளர் நாட்கணக்கில் குப்பையைத் தோண்டி உடல்களைத் தேடினர்.

என் நான்கு பைகளும் அப்பொழுது ஒழுங்கை மூலையிலேயே கிடந்தன என்பது மெய். ஆனால் அவற்றிற்கு முந்திய எட்டாண்டுப் பைகள் எங்கே கிடந்தன? அன்று மாலை நான் மூலைக்குப் போய் அந்நான்கையும் வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தேன். இதனால் யாருக்கு என்ன பயன் என்று மனைவி கேட்டாள். மறுமொழி சொல்லத் தெரியவில்லை. பை மூன்று கெஜம் தள்ளிப்போனது கண்டு சிரித்த நாம், அது மூன்று மைல் தள்ளிப்போனபோது அதைப்பற்றி நினைத்ததேயில்லை என்பது மட்டும் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் மாற்றங்கள் நிகழாமலில்லை. மெல்லிய பொலித்தீன் உணவுத்தாள், ரெஜிபோம் பெட்டி முதலியவற்றுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தது. கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையம் 2021 இல் திறக்கப்பட்டது. இடையிலே கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோது, அவ்வூர் மக்கள் கொதித்தெழுந்தனர். கொழும்பார் உண்டு கழித்ததை நூறு மைலுக்கு அப்பாலுள்ளவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற அவர்களது கேள்விக்கு, கொழும்பிலே வசிப்பவன் என்ற முறையில் என்னிடம் விடையில்லை.

மூலையில் வைப்பதை நான் அன்றோடு விட்டேன். விட்டதனாலே நல்ல பிரஜையாகிவிட்டேன் என்றொரு எண்ணமும் வளர்ந்திருந்தது. சென்ற மாதம் ஒரு காலை, லொறியுடன் வந்த தொழிலாளி ஒருவர் எம் படலையில் நின்று தண்ணீர் கேட்டார். குடிப்பதற்கன்று, உள்ளங்கையிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கழுவித் துணி சுற்றிக் கொடுத்தோம். பையைத் தூக்கும்போது குத்திய கண்ணாடித் துண்டை மற்றக் கையில் வைத்திருந்தார். அதிலே ஒரு நீலப் பூ. அதற்கு முந்திய ஞாயிறன்று என் கையிலிருந்து நழுவிய தம்ளர் அது.

"கண்ணாடிய மட்டும் வேறயா கட்டி வைங்க ஐயா. எங்களுக்குப் பைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதுதானே" என்றார். அவர் குரலிலே குறை கூறும் தொனி இல்லை. என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு நா எழவில்லை. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். லொறி நிற்காது என்று கூறிப் போய்விட்டார்.

இப்பொழுது எம் வீட்டிலே உடைந்த கண்ணாடி பழைய பத்திரிகைத் தாளில் பலமுறை சுற்றப்பட்டு, மேலே "கண்ணாடி" எனச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டே வெளியே போகின்றது. எழுதுவது என் இளைய மகளின் வேலை. வாசித்து முடிந்த ஞாயிறு இதழின் தாள் அதற்கு மிக வாய்ப்பானது. இக்கட்டுரைக்கும் அக்கதியே நேர்ந்தால் எனக்கு வருத்தமில்லை. மரக்கறித் தோலுக்கு மாடியிலே மூடியுள்ள மண்தொட்டி ஒன்று வைத்தோம். முதல் மாதம் புழு நெளிந்து பெருந்தொல்லையாயிற்று. காய்ந்த இலையை இடையிடையே பரப்பிய பின்னரே அடங்கியது.

மூலையிலோ நேற்றிரவும் இரண்டு பைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று எதிர்வீட்டாருடையது என்பதை நான் அறிவேன். நல்ல மனிதர்; எம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவிலே தமது காரில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவர். நாளைக் காலை அவரிடம் பேசலாமென்று இருக்கிறேன். எவ்விதம் பேச்சைத் தொடங்குவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. தம்ளர் கதையிலிருந்து தொடங்கலாமோ என்று யோசிக்கிறேன்.