கடற்காற்றும் கிற்றாரின் முறிந்த திருகாணியும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், திறந்த கடலை நோக்கி அமைந்திருக்கும் ஆலங்குடாவில், மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று உப்புத் துகள்களை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கிறது. காற்றின் சார் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் சாதாரண உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடுவதால், மழையே படாத இரும்பின்மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் தங்கிவிடுகிறது. இத்தகைய கரையில் பேணப்படும் கிற்றாரில், மரத்துக்குள் முறிந்து நின்றுவிடும் திருகாணி அரிய விபத்தன்று. அது நெடுநாளாக உள்ளே நடந்துவந்த அரிப்பின் முடிவாகும்.

தந்திகளை முறுக்கும் சாவிகளைக் கிற்றாரின் தலைப்பகுதியோடு பிணைக்கும் ஆணிகள் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவே தடித்தவை. நிக்கல் அல்லது குரோமியப் பூச்சுப் பூசப்பட்ட எஃகால் ஆனவை. பூச்சில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும், நிக்கலை விட இரும்பு எளிதில் அரிபடும் உலோகமாகையால், அரிப்பு முழுவதும் அந்த ஒரே இடத்தில் குவிந்து உள்நோக்கி இறங்குகிறது. தலை பளபளப்பாகவே இருக்க, அதற்குக் கீழுள்ள தண்டு மெலிந்துபோகிறது. ஈரத்தால் பருத்த மரமும் துருவும் புரிகளை இறுகப் பற்றிக்கொள்ள, கழற்றுவதற்காக முறுக்கியவுடன் தலை மட்டும் கையோடு வந்துவிடுகிறது.

முறிந்த துண்டு சிறிதளவேனும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சூடேற்றிய சோல்டரிங் அயனின் முனையை அதன்மேல் அரை நிமிடம் வைத்து மரத்தின் பிடியைத் தளர்த்தியபின், குறட்டால் பற்றி இடஞ்சுழியாக மெல்லத் திருப்பலாம். மரத்தோடு மட்டமாக முறிந்திருந்தால் ஆணியின் நடுவே துளையிட முயல்வதே பலரும் செய்யும் பிழை. எஃகில் ஏற மறுக்கும் துளைமுனை பக்கத்து மரத்தில் வழுக்கி இறங்கி, காயத்தைப் பெரிதாக்கிவிடும். ஆணியைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள மரத்தை எடுப்பதே சரியான வழி. ஆணியைவிடச் சற்று அகன்ற எஃகுக் குழலின் வாயில் அரத்தால் சிறு பற்கள் வெட்டி, ட்ரில்லில் பொருத்தி, ஆழத்தைக் குறிக்க நாடா சுற்றி, குறைந்த வேகத்தில் இடஞ்சுழியாக இறக்கினால் துண்டு தன்னைச் சூழ்ந்த மரத்தோடு சேர்ந்து வெளியே வரும். அந்த மரம் கருநீலமாக இருந்தால், மரத்தின் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் துருவோடு கலந்திருக்கிறது என்பது பொருள்.

பிறகு, தேக்கு அல்லது முதிரைக் குச்சியை மரப்பசையிட்டுத் துளையில் அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஆணியின் புரி நீங்கிய நடுத்தண்டின் அளவுக்குப் புதிய துளையிட வேண்டும். வழிகாட்டும் இத்துளை ஒடுங்கியிருந்தால் புத்தாணியும் முறியும். புரிகளில் மெழுகுதிரியைத் தேய்ப்பது உராய்வைப் பெரிதும் குறைக்கும். மிருதுவான பித்தளை ஆணியாயின், அதே அளவு எஃகு ஆணியை முதலில் ஏற்றி இறக்கிப் புரியை வெட்டிக்கொள்வது கட்டாயம். ஆலங்குடா போன்ற கரையில் பூச்சாணியையே மறுபடி இடுவது வீண் வேலை. துருப்பிடிக்காத எஃகு ஆணியே அங்கு நெடுநாள் தாங்கும்.