நெருக்கப்படும் திபெத் ஏன் வெடிக்கிறது?

2025 ஜனவரி 7 அன்று திபெத்தின் டிங்ரி வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்துக்கு, இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதுவதே காரணம் என்று செய்திகள் ஒரே வரியில் முடித்துவிட்டன. அது பாதி உண்மைதான். மோதல் நிலத்தை வடக்கு தெற்காக நெருக்குகிறது. டிங்ரியிலோ நிலம் கிழக்கு மேற்காக விலகி, வடக்கு தெற்காக நீண்ட பிளவொன்றின் ஒரு புறம் கீழே சரிந்தது.

மோதலின் விளைவு இமயமலையோடு நிற்காமல் ஆசியாவின் உட்பகுதிவரை பரவுவதை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலவியல் ஆய்வாளர்கள் பீட்டர் மோல்னரும் பால் தப்போனியேவும் 1975இல் காட்டினர். நெருக்கப்படும் நிலமே விலகவும் செய்வது ஏன் என்பதற்கான விடை மேலோட்டின் தடிமனில் இருக்கிறது.

கண்ட மேலோட்டின் வழக்கமான தடிமன் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். திபெத்தின் அடியில் அது 70 கிலோமீட்டரைத் தொடுகிறது. பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் எழும் வெப்பம் இத்தனை தடிமனுக்குள் தேங்குவதால், நடு ஆழத்துப் பாறை சில இடங்களில் சிறிதளவு உருகியும், பெரும்பாலும் திடமாக இருந்தபடியே இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நெகிழ்ந்தும் கொடுக்கிறது. தட்டில் குவித்த கேழ்வரகுக் களியை ஒரு பக்கமிருந்து அகப்பையால் நெட்டித் தள்ளினால், அது ஓரளவுக்கு மேலெழும்பி, அதன்பின் தன் எடையைத் தானே தாங்காமல் தடையற்ற பக்கமாகச் சரிந்து பரவும். உள்ளே சூடும் இளக்கமும் இருக்க, காற்றுப்பட்டு இறுகிய மேல்தோல் மட்டும் அந்தப் பரவலுக்கு ஈடுகொடுக்க இயலாமல் வெடிக்கும். சராசரியாக 5,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் திபெத்தில் அகப்பை இந்தியா, சரிவு இறங்கும் பக்கம் கிழக்கு, தோலின் வெடிப்புகள் யாடோங்–குலு போன்ற பிளவுப் பள்ளத்தாக்குகள். டிங்ரி நடுக்கம் தொடங்கியதும் சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில், அந்தத் தோலுக்குள்ளேதான்.

கிழக்குத் திபெத்தின் நிலம் இமயத்தின் கிழக்கு முனையைச் சுற்றி சீனாவின் யுன்னான் பக்கம் வளைந்து நகர்வதை ஜிபிஎஸ் அளவீடுகள் காட்டுகின்றன. அதற்காக, அடியில் பாறை ஆறாகப் பாய்கிறது என்று படம் வரைவது மிகை. ஜிபிஎஸ் அளப்பது மேற்பரப்பை மட்டுமே, ஆழத்தில் நிகழும் நகர்வின் தடிமனும் வேகமும் குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை.

டிங்ரி நடுக்கத்தால் இமயத்தின் இறுக்கம் தணிந்துவிட்டது என்று கணக்கிடவும் இடமில்லை. 2015இல் நேபாளத்தைச் சிதைத்த 7.8 அளவு நடுக்கம், இந்தியா இமயத்தின் அடியில் நுழையும் பிளவில் நிகழ்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நெருக்கம் அங்கேதான் சேர்ந்துகொண்டிருக்கிறது, திபெத்தின் பிளவுகள் அதைக் கழிப்பதில்லை.