பீக்கிங் எப்படிப் பெய்ஜிங் ஆனது?

சீனாவின் தலைநகர் எது? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுத் தாத்தாவிடமும் பேரனிடமும் கேட்டுப் பாருங்கள். தோட்டப் பள்ளியில் படித்த தாத்தா "பீக்கிங்" என்பார். பேரனோ "பெய்ஜிங்" என்பான். இருவருக்கும் முழு மதிப்பெண் போடலாம்!

1974 மே மாதம் நம் பிரதமர் துன் அப்துல் ரசாக் சீனா சென்று அரச தந்திர உறவை ஏற்படுத்தியபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் பீக்கிங் என்றே எழுதின. அதன் பிறகு ஊர் இடம் மாறவில்லை. ஊரார் சொல்லும் பெயரும் மாறவில்லை. மாறியது ரோமன் எழுத்தில் அதை எழுதும் முறைதான்.

வெள்ளைக்காரர் காதில் விழுந்தது

சீன எழுத்தைப் பார்த்து வெளியார் ஒலியை அறிய முடியாது. ஆகவே அங்கு சென்ற வெள்ளைக்காரர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார்கள். பெய்ஜிங் என்றால் 'வட தலைநகரம்' என்று பொருள். இரண்டாம் பகுதியில் முன்பு 'கி' என்ற ஒலி இருந்தது. வடக்கே அது நாளடைவில் 'ஜி' ஆயிற்று. கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி' ஆகிறதல்லவா? அதுபோலத்தான். வெளிநாட்டார் பழைய ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டனர்.

தாமஸ் வேட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1867இல் வெளியிட்ட பாடநூலில் ஓர் எழுத்து முறையை வகுத்தார். ஹெர்பர்ட் ஜைல்ஸ் 1892இல் தமது அகராதியில் அதைத் திருத்தி அமைத்தார். ஆனால் 1906இல் ஷாங்காயில் நடந்த அஞ்சல் துறை மாநாடு, பழக்கத்தில் ஊறிப்போன பல எழுத்துக்கூட்டல்களை அப்படியே வைத்துக்கொண்டது. பீக்கிங் அவற்றில் ஒன்று.

மழை 'பெய்'தால் வரும் ஒலி

சீன மொழியில் இரண்டு 'ப' உண்டு. ஒன்றில் மூச்சுக் காற்று வேகமாக வெளிப்படும். மற்றொன்றில் வெளிப்படாது. வேட் இரண்டுக்குமே பினாங்கின் முதல் ஆங்கில எழுத்தைப் போட்டார். மூச்சு வரும் ஒலிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சிறு குறி இட்டார். அச்சுக்கூடத்தாரும் வரைபடக்காரரும் அந்தக் குறியை விட்டுவிட, இரண்டும் ஒன்றாகிக் குழப்பம் மிஞ்சியது.

இந்தக் குழப்பமே இல்லாத முறைதான் 'பின்யின்'. மூச்சு இல்லாத ஒலிக்குப் பத்துமலையின் முதல் ஆங்கில எழுத்தை அது கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், "மழை பெய்கிறது" என்னும்போது நாம் சொல்லும் 'பெ'தான் பெய்ஜிங்கின் முதல் ஒலிக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலேயரைவிட நாம் சரியாகச் சொல்லலாம்!

பின்யினை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர் சௌ யூகுவாங். பொருளாதாரம் படித்து, வங்கியில் வேலை பார்த்தவர். 1958இல் சீன மக்கள் பேரவை இம்முறையை ஏற்றது. 1979 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு மொழி வெளியீடுகளிலும் சீன அரசு இதையே கையாண்டது. சௌ யூகுவாங் 2017இல் தமது 111ஆம் வயதில் காலமானார்.

பின்யினைப் படிக்கையில் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். அதில் 'கியூ' எழுத்து 'ச்சி' போலவும், 'எக்ஸ்' எழுத்து மெல்லிய 'சி' போலவும் ஒலிக்கும். ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் தடுமாறுவோம். நமக்கு இது புதிதா என்ன? 1972இல் மலாய் எழுத்துக்கூட்டல் மாறியபோது, 'கச்சாங்' என்ற சொல்லில் இருந்த 'எச்' காணாமற் போனது. கொஞ்ச நாளில் பழகிவிட்டோம்.

தவுக்கேயின் ஊர்

ஆனால் எல்லா ஊரும் பெய்ஜிங் போல அல்ல. ஆமோய், சுவாத்தோவ் என்ற பெயர்கள் வெள்ளைக்காரரின் பிழைகள் அல்ல. ஹொக்கியன், தியோச்சூ மக்கள் தங்கள் பேச்சில் சொல்லும் பெயர்களை ஒட்டியவை. மண்டரின் ஒலிப்படி அவை இன்று சியாமென், ஷாந்தோவ். நம் மளிகைக்கடைத் தவுக்கே 'தான்' என்றும், சீனத்திலிருந்து வந்தவர் 'சென்' என்றும் எழுதுவது ஒரே குடும்பப் பெயரைத்தான். 'லிம்', 'லின்' கதையும் அதுவே.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இதை நேரிலேயே கண்டார்கள். நம்மவர் கூடும் தேக்கா சந்தையின் பெயர் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. 'சிறு மூங்கில்களின் அடி' என்று பொருள். எண்பதுகளில் புதிய கட்டடத்துக்கு அதையே மண்டரினாக்கி 'சூஜியாவ்' என்று பெயர் வைத்தார்கள். பலருக்கு நாக்கில் வரவில்லை. சாமான் வாங்கப் போனவர்கள் தேக்காவுக்குத்தான் போனார்கள். 2000இல் அதிகாரப் பெயரும் மீண்டும் தேக்கா ஆயிற்று.

நம் வீட்டுப் பெயர்கள்

ஊர்ப் பெயர் கதை இருக்கட்டும். நம் பெயர்கள்? தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களைத்தானே நம்மில் பலர் சுமக்கிறோம்! முனியாண்டி என்ற ஒரே தகப்பனின் பெயர் அண்ணன் பிறப்புச் சூரையில் 'ஐ' எழுத்திலும், தம்பியின் சூரையில் 'ஒய்' எழுத்திலும் முடிகிறது. சேமநிதிப் பணம் எடுக்கப் போகும்போதோ, தகப்பனார் காலமான பின் வாரிசு உரிமை கேட்கும்போதோ, அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை நடை நடக்கிறோம்?

சீனத் தலைநகரின் பெயரைச் சரிசெய்ய ஓர் அரசாங்கம் இருந்தது. நம் பிள்ளையின் பெயருக்கு நாம்தான் இருக்கிறோம். ஆகவே பிறப்பைப் பதியப் போகும் பெற்றோர்களே, உங்கள் அடையாளக் கார்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பிள்ளையின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுத வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையெழுத்துப் போடுமுன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வதில் வெட்கம் வேண்டாம்.