மஞ்சளுக்கு ஒரு குறியீடு

மஞ்சள் தூளால் புண் ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.) பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி மறுஆய்வு கோரி, 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம்தான். ஆனால் காப்புரிமை அதிகாரி தேடிப் பார்க்கும் வடிவத்தில் அது அப்போது இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2001இல் தொடங்கியதுதான் டி.கே.டி.எல். எனும் பாரம்பரிய அறிவு மின்நூலகம்.

இங்கே பழைய மருத்துவ நூல்களின் பாடலை அப்படியே தட்டச்சு செய்து வைப்பதில்லை. எந்த மூலிகை, அதில் வேரா இலையா, எவ்வளவு, எப்படித் தயாரிப்பது, எந்த நோய்க்கு, எந்த நூலில் என்று பிரித்துப் பதிகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. தமிழில் மஞ்சள், வடமொழியில் ஹரித்ரா, யுனானியில் ஜர்த் சோப் என்று எப்படி வந்தாலும் செடி ஒன்றே. ஒருமுறை குறியீடாக்கிவிட்டால் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பதிவைக் கணினியே எழுதித் தருகிறது.

மனிதர்கள் தேடுவதற்காகச் செய்த இந்த வேலை செயற்கை நுண்ணறிவுக்கும் அப்படியே பொருந்துகிறது. இன்றைய மொழி மாதிரிகள் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் கற்கின்றன. வேம்பு மரம், நிலவேம்பு வேறு குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. பெயரிலும் ஒற்றுமை, கசப்பிலும் ஒற்றுமை, இரண்டுமே காய்ச்சல் பற்றிய பேச்சில் வரும். வெறும் உரைநடையை மட்டும் படித்த இயந்திரம் ஒன்றன் குணத்தை மற்றதற்கு ஏற்றிச் சொல்லிவிடலாம். மருந்து விஷயத்தில் இது சின்னப் பிழை அல்ல. தனித்தனிக் குறியீடு இருந்தால் அந்தக் குழப்பம் குறையும். சொன்ன பதில் எந்த நூலிலிருந்து வந்தது என்றும் சரிபார்க்கலாம்.

காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்த இந்த நூலகத்தைக் கட்டணத்தின் பேரில் மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதுபோன்ற தொகுப்புகள் இயந்திரங்களுக்குப் பாடமாகும் காலத்தில், சித்த மருத்துவத்தைப் பதிவதில் கூடுதல் கவனம் வேண்டும். சித்தர் பாடல்களில் பரிபாஷை எனும் மறைமொழி அதிகம். அவற்றில் வரும் முப்பு எனும் மருந்துப் பொருள் உண்மையில் எது என்பதில் வைத்தியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. பதிவில் அதற்கான கட்டத்தில் ஒரே விடையை எழுதி வைத்தால் இயந்திரம் அதையே அடித்துச் சொல்லும். மாற்று விளக்கங்களையும், ஒவ்வொன்றும் யாருடையது என்பதையும் பதிய அங்கே இடம் விட வேண்டும். அதை நிரப்பும்போது பாடல் தெரிந்த வைத்தியர் ஒருவரும் உடனிருக்க வேண்டும்.