ஓருடலில் பல நோய்கள்: வடசென்னை தரும் பாடம்

நீரிழிவுக்கு ஒரு மருத்துவர், இரத்தக் கொதிப்புக்கு இன்னொருவர், காசநோய்க்கு வேறொரு நிலையம் என அலைவோர் நம்மிடையே பலர். நோயாளி ஒருவரே, அவரைப் பற்றிய அறிவு மட்டும் பல அறைகளில் சிதறிக் கிடக்கிறது. நெடுநாள் நீடிக்கும் நோய்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒருவரிடமே அமைந்திருப்பதைப் பன்னோய் நிலை எனலாம். பிரிட்டனின் மருத்துவ அறிவியல் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, உலகளாவிய ஆய்வில் இதற்கு முன்னுரிமை தர வேண்டுமென வலியுறுத்தியது. உடல்நோய்களோடு, நீண்டு தொடரும் மனநோய்களும் தொற்றுநோய்களும் இக்கணக்கில் அடங்கும்.

ஆய்வு ஏன் தேவைப்படுகிறது? புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, வேறு நோய்களும் உடையோரைப் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றனர். முடிவு தெளிவாகக் கிடைக்கும் என்பது காரணம். ஆனால் அம்மருந்தை நாளை உட்கொள்பவர்களுள் விலக்கப்பட்ட இத்தகையோரே மிகுதி.

இக்குறையை நீக்கும் முயற்சிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இராயபுரத்திலேயே உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954இல் பொது மருத்துவமனையாகத் தொடங்கிய எம்.வி. மருத்துவமனை, 1971இல் நீரிழிவுக்கென்றே தனித்து இயங்கலாயிற்று. அதன் ஆய்வாளர்கள் தமிழகக் காசநோயாளிகள் 827 பேரைச் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 25 பேருக்கு நீரிழிவு இருந்தது; ஏறத்தாழ அதே அளவினர் அதன் முன்நிலையில் இருந்தனர். சோதித்த பின்னரே தமக்கு நீரிழிவு உண்டென அறிந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

நீரிழிவு உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் காசநோய்க்கு வழிவிடுகிறது. காசநோயோ சர்க்கரையின் அளவை உயர்த்துகிறது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றின் வீரியத்தைத் தணிக்கிறது. எனவே ஒன்றை விடுத்து மற்றொன்றைக் குணப்படுத்த முயல்வது வீண் உழைப்பாகும். இரு நோய்களையும் இணைத்துக் கண்டறிவதற்கான தேசிய வழிமுறை 2017இல் வகுக்கப்பட்டது.

சென்னையின் எளிய மக்கள் மருத்துவ அறிவை வளர்த்தது இது முதன்முறையன்று. 1956இல் இங்கு தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகள் ஒரு சாரார் வீட்டிலும் மற்றொரு சாரார் சானடோரியத்திலும் மருந்துண்டனர். வீட்டு மருத்துவம் சற்றும் குறைந்ததன்று என்று 1959இல் வெளிவந்த முடிவு, உலகின் மருத்துவ நடைமுறையையே மாற்றியது.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வினாக்கள் இன்னும் கூடுகின்றன. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்தது. அதே மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஆஸ்துமாவும் இதயநோயும் ஒருங்கே உடையவருக்கு இத்தகைய காற்று என்ன செய்யும் என்பதை ஒருநாள் முகாமால் அறிய இயலாது. அதே மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதால், அதற்கொரு வாயிலாக அமையக்கூடும்.

நமக்கு நெருக்கமான வினா ஒன்றும் உண்டு. 2001ஆம் ஆண்டு ரமளானையொட்டி, 13 நாடுகளில் நீரிழிவுடைய முஸ்லிம்கள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. இரண்டாம் வகை நீரிழிவுடையோருள் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாள்களேனும் நோன்பிருந்தனர். நோயாளி நோன்பைப் பிற்படுத்திக்கொள்ள மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நீரிழிவோடு சிறுநீரகமும் இதயமும் நலிந்த ஒருவர் அச்சலுகையை ஏற்க வேண்டியவரா, எந்த மாத்திரையை ஸஹரிலும் எதனை இஃப்தாரிலும் உட்கொள்வது என்பவற்றுக்குத் தக்க விடைகூறச் சான்றுகள் வேண்டும்.

அச்சான்றுகளைத் தரவல்லோர் நோயாளிகளே. ஆய்வாளர் வரும்போது நோக்கத்தைக் கேட்டறிந்து, மனமொப்பினால் பங்கேற்பதும், எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே உறையில் பேணுவதும், உட்கொள்வன அனைத்தையும் மறைக்காது கூறுவதும் அவர்கள் செய்யக்கூடியவை. மஹல்லா ஜமாஅத்துகள் இதற்கு இடமும் ஊக்கமும் அளித்தால், அடுத்த தலைமுறை நோயாளி ஐந்து அறைகளின் வாசலில் காத்து நிற்க நேராது.