பிரிட்டனின் வீட்டுத் தோட்டங்களில் எழும் கேள்விகள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் வாக்கு. மழையை நம்பி விதைக்கும் நாட்டில் பிறந்த சொல் அது. ஆண்டு முழுவதும் மழை தூறும் பிரிட்டன் நாட்டில் தோட்டம் போடுவோருக்கு மழையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. "உறைபனி எப்போது விலகும்?" என்பதுதான் அவர்களுடைய முதற் கேள்வி. வீட்டின் பின்புறத்துச் சிறு நிலத்தில் பூவும் காயும் வளர்க்கும் அந்நாட்டு மக்களுக்கு அன்றாடம் எழும் ஐயங்கள் சிலவற்றையும், அவற்றின் விடைகளையும் இங்கே காண்போம்.

ஒளியும் பருவமும்

லண்டன் மாநகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 51½ பாகையில் உள்ளது. ஆகவே ஜூன் மாதத்தில் அங்கே பகற்பொழுது ஏறக்குறைய 16½ மணி நேரம் நீடிக்கும். டிசம்பரிலோ 8 மணி நேரங்கூட இராது. குளிர்காலத்தில் பெரும்பாலான மரங்கள் இலையுதிர்த்து உறங்கும். ஜனவரி, பிப்ரவரியில் 'ஸ்னோடிராப்' என்னும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ மண்ணைப் பிளந்து தலைகாட்டும். அடுத்து மஞ்சள் நிற டாஃபடில் மலரும். ஏப்ரல், மே மாதங்களில் காட்டு மரங்களின் அடியில் நீலநிறப் புளூபெல் கம்பளம் விரித்தாற்போல் பூக்கும். தோட்டக்காரருக்கு நாட்காட்டி இம்மலர்களே எனலாம்.

நாற்றை எப்போது நடுவது?

தக்காளி விதையை மார்ச் மாதத்தில் வீட்டினுள், வெயில் படும் ஜன்னலோரத்தில் சிறு தொட்டிகளில் விதைப்பார்கள். கடைசி உறைபனி கழிந்த பின்னரே நாற்று வெளியே போகும். தென் இங்கிலாந்தில் அது பெரும்பாலும் மே மாதத்தின் பிற்பகுதி. ஸ்காட்லாந்தில் ஜூன் தொடக்கம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டால் என்னவாகும்? தக்காளி போன்ற மென்மையான செடிகளில் நீர் உறைந்து உயிரணுக்கள் சிதைந்துவிடும். காலையில் பார்த்தால் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கும். அதனால் நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், பகலில் தொட்டிகளை வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்து, நாற்றைக் குளிருக்குப் பழக்குவார்கள்.

உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளியன்று நட வேண்டும் என்பது அங்கே வழிவழியாக வந்த வழக்கம். ஆனால் பெரிய வெள்ளி ஒரே தேதியில் வருவதில்லை என்பதை நாம் அறிவோம். மார்ச் 20 முதல் ஏப்ரல் 23 வரை எந்நாளிலும் அது வரலாம். எனவே அனுபவம் உள்ளவர்கள் வழக்கத்தைப் போற்றினாலும், மண்ணைக் கையால் தொட்டு, குளிர் தணிந்திருக்கிறதா என்று பார்த்தே நடுகிறார்கள்.

நீலப்பூ ஏன் நிறம் மாறியது?

"நீலப்பூ என்று வாங்கிய ஹைட்ராஞ்சியா, மறு ஆண்டு இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே!" என்பது பலருக்கும் எழும் வியப்பு. நம் ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் காணப்படும் செடிதான் அது. அமிலத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் நீரில் கரைந்து வேர்வழியே செடிக்குள் ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் எளிதில் கரையாது, பூ இளஞ்சிவப்பாகும். வெள்ளை ஹைட்ராஞ்சியா மட்டும் இப்படி மாறுவதில்லை.

தக்காளிக்கு வரும் துன்பங்கள்

காயின் அடிப்பாகம் கறுத்துப்போவது ஏன் என்பது இன்னொரு கேள்வி. அது தொற்றுநோய் அன்று. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், கால்சியம் சத்து காய்க்குச் சரிவரப் போய்ச் சேராது. சீராக நீர் வார்ப்பதே மருந்து. செப்டம்பர் குளிரில் பழுக்காமல் நின்றுவிட்ட காய்களை ஒரு பையில் வாழைப்பழத்தோடு போட்டு வைப்பார்கள். வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்கச் செய்யும்.

இலையும் தண்டும் கருகும் நோய்தான் அஞ்சத்தக்கது. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கும் இந்நோயே 1845ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை விளைவித்து, ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்தடுத்து இரண்டு நாட்கள் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 6 மணி நேரம் காற்றில் 90 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் நோய் பரவும் ஆபத்து உண்டு என்பது 2017 முதல் அங்கே பின்பற்றப்படும் கணக்கு.

இளநாற்றுகளைத் தின்னும் ஓடில்லா நத்தைகளும் பெருந்தொல்லை தருகின்றன. அவற்றைக் கொல்லப் பயன்பட்ட மெட்டால்டிஹைடு குருணைகளை வெளியிடங்களில் தூவுவது 2022இல் தடை செய்யப்பட்டது. அந்நஞ்சு பறவைகளுக்கும் முள்ளெலிகளுக்கும் தீங்கு செய்ததே காரணம். இப்போது பலர் இரவில் கைவிளக்கோடு சென்று நத்தைகளைப் பொறுக்குகிறார்கள். தவளைக்கும் முள்ளெலிக்கும் தோட்டத்தில் இடம் கொடுக்கிறார்கள்.

குறித்து வைத்ததன் பயன்

இக்கேள்விகளை மக்கள் தங்களுக்குள் மட்டும் பேசி விட்டுவிடுவதில்லை. 1947இல் பி.பி.சி. வானொலியில் தொடங்கிய தோட்டக் கேள்வி-பதில் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. 1804இல் நிறுவப்பட்ட அரச தோட்டக்கலைக் கழகமும் ஆலோசனை கூறிவருகிறது.

கேள்வி கேட்பதைப் போலவே, கண்டதைக் குறித்து வைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நார்ஃபோக் மாவட்டத்தைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்பவர், முதல் பூ மலர்ந்த நாள், முதல் இலை துளிர்த்த நாள், குயில் கூவிய நாள் ஆகியவற்றை 1736 முதல் எழுதிவந்தார். அவருடைய குடும்பத்தார் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். இத்தகைய பலருடைய குறிப்புகள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். 1986 வரை இருந்ததைவிட, அதன் பின்னர் செடிகள் சராசரியாக ஒரு மாதம் முன்னதாகவே முதற்பூப் பூக்கின்றன என்பது அதனால் தெரியவந்தது. அதே 2022இல், ஜூலை 19ஆம் நாள், லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பி என்னும் ஊரில் வெப்பம் 40.3 பாகையைத் தொட்டது.

முன்னதாகப் பூத்தால் நல்லதுதானே என்று நாம் எண்ணலாம். பூ முந்தினாலும், பின்வரும் உறைபனி நின்றுவிடவில்லையே! வெதுவெதுப்பை நம்பி விரிந்த ஆப்பிள் மலர் ஓர் இரவுப் பனியில் கருகினால், அவ்வாண்டு காய் இல்லை. பூவும் அதை நாடும் தேனீயும் காலந்தவறினால் இரண்டுக்கும் இழப்பே.

மார்ஷம் முதலானோர் எழுதியது தத்தம் வீட்டருகே கண்டதைத்தான். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அது உலகுக்கே சான்றாயிற்று. தோழியரே! நம் வீட்டு வாசல் வேம்பு முதற்பூ விட்ட நாளையும், மாமரம் பூத்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதிவருவோமா? செலவில்லாத இப்பணியை இந்த ஆண்டே தொடங்குவோம்.